புளியரை தாண்டினால் செல்லாது

இலஞ்சி
22-3-2025

அன்புத் தம்பி முத்துகுமரனுக்கு அக்கா லோகநாயகி எழுதுவது.

இங்கே நானும் என் அடுப்பும் சுகம். அங்கே நீ, உமா, குழலி மூன்று பேரும் சுகமாக இருப்பதாக ஒரு வரி எழுதிப் போடு. அதைப் போனிலேயே கேட்டுக்கொள்ளலாமே என்பாய். போனில் நான் 'என்னலே' என்று ஆரம்பிப்பதற்குள் 'அக்கா, மீட்டிங்' என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது பார்.

விஷயத்துக்கு வருகிறேன். கார்த்திகையில் திருவனந்தபுரம் வந்தபோது டாக்டரம்மா சொன்னதுதான். வலது கண்ணில் இருக்கிற பிரஷர் சொட்டு மருந்துக்கு அடங்கவில்லை, ஆபரேஷன் செய்துதான் ஆகவேண்டும். போன பார்வை திரும்பி வராது, இருப்பதைக் காப்பாற்றத்தான் ஆபரேஷன் என்று மலையாளமும் தமிழுமாக எடுத்துச் சொன்னார். கோடைக்குள் வந்துவிடுங்கள், மழைக்காலம் வரை இழுக்காதீர்கள் என்றும் சொன்னார். நீ என் பேருக்கு எடுத்துக் கொடுத்தாயே இன்ஷூரன்ஸ், அதில் கண் வியாதிக்கு இரண்டு வருஷம் பொறுக்க வேண்டும் என்றாய் அல்லவா? அந்த இரண்டு வருஷம் இந்தப் பங்குனியோடு தீர்ந்தது.

வைகாசிக் கடைசியில் சீசன் தொடங்கிவிடும். குற்றாலத்தில் மெஸ்ஸைத் திறந்துவிட்டால் எனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஆகையால் சித்திரையில் வந்தால்தான் தோது. ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம் அடிக்கடி வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை உன் வீட்டு மாடி அறையில் கிடக்கிறேன். உமாவுக்கு வேலை வைக்க மாட்டேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் மணத்தை வைத்தே ரசம் இறக்கத் தெரிந்தவள் நான்.

இன்னொன்று. இது இரத்த வழியில் வருகிற வியாதியாம். கூடப்பிறந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் ஒரு தடவையாவது சோதித்துப் பார்த்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். நான் வரும்போது நீயும் குழலியும் என்னோடு வாருங்கள், ஒன்றாகப் போய்ப் பார்த்துவிடுவோம்.

குழலிக்கு வரன் ஏதும் பார்க்கிறாயா? அத்தைக்குச் சொல்லாமல் முடித்தாயானால் பந்தியில் வந்து உட்கார்ந்து சண்டை போடுவேன், ஆமாம்.

பதிலைத் தாமதிக்காமல் போடு. மூன்று பேருக்கும் என் ஆசி.

உன் அக்கா
லோகநாயகி


திருவனந்தபுரம்
9-4-2025

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி குமரனின் வணக்கம்.

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறோம். வெயில்தான் ஆளைக் காய்ச்சி எடுக்கிறது. நீயும் மத்தியானத்தில் வெளியே அலையாதே.

நீ வருவதில் எங்களுக்குச் சந்தோஷம்தான். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உன் பாலிசியை இலஞ்சி விலாசத்தில் எடுத்தோம். தமிழ்நாட்டு விலாசத்தில் எடுத்த தனிநபர் பாலிசி கேரளத்து டாக்டரிடம் செல்லாதாம். விசாரித்துவிட்டேன். எல்லையில் இருக்கிற புளியரை செக்போஸ்ட் தாண்டினால் செல்லாது என்று வைத்துக்கொள். அதனால் விலாசத்தை என் வீட்டுக்கு மாற்றச் சொல்லி எழுதிப் போட்டிருக்கிறேன். மாறி வருவதற்கு மூன்று நான்கு மாதம் ஆகும். அதுவரை சொட்டு மருந்தை விடாமல் போட்டுக்கொள். சீசனை நல்லபடியாக முடி. ஆவணி கழிந்ததும் நானே காரை எடுத்துக்கொண்டு வந்து உன்னைக் கூட்டிப் போகிறேன்.

எங்கள் கண்ணைச் சோதிப்பதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

உன் தம்பி
குமரன்


இலஞ்சி
20-4-2025

அன்புத் தம்பிக்கு,

கடிதம் கண்டேன். நீங்கள் சுகமாக இருப்பது அறிந்து நிம்மதி. இங்கே எனக்கும் குறை ஒன்றுமில்லை, கண்ணைத் தவிர.

நீ எழுதியதைப் பக்கத்து வீட்டு ராபியாவிடம் சொன்னேன். அவள் நம்பவே இல்லை. "என்னக்கா சொல்லுதிய? எங்க வீட்டு அவுகளுக்கு அங்கனதானே நெஞ்சுல ஸ்டென்ட் வச்சாங்க? கார்டக் காட்டுனோம். எந்த ஊருன்னுகூட ஒருத்தரும் கேக்கல" என்றாள். அவள் வீட்டுக்காரர் அஹ்சன் எடுத்திருப்பது வேறு கம்பெனியாக இருக்கும் என்று சொன்னேன். அவள் விடுவதாக இல்லை. "எதுக்கும் தம்பியிட்ட இன்னொருக்க கேட்டுப் பாருங்கக்கா" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "எந்தம்பி பேங்க்ல மேனேஜரு. ஊருக்கெல்லாம் இன்ஷூரன்ஸ் எடுத்துக் குடுக்கவன். அவனுக்குத் தெரியாததா ஒனக்குத் தெரிஞ்சிட்டு?" என்று கேட்டுவிட்டேன். பாவம், முகம் வாடிப்போய்விட்டது அவளுக்கு. மறுநாள் நானே இட்லி கொண்டுபோய்க் கொடுத்துச் சமாதானம் செய்துவிட்டு வந்தேன்.

ஒரு யோசனை தோன்றுகிறது. புளியரைக்கு அந்தப் பக்கம்தானே செல்லாது? இந்தப் பக்கம் செல்லும் அல்லவா? பாளையங்கோட்டையில் ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. இலஞ்சியில் இருந்தே நிறையப் பேர் போகிறார்கள். டாக்டரம்மாவை விட்டுவிட்டு வேறு கையில் கண்ணைக் கொடுக்க எனக்கு மனமில்லைதான். ஆனால் கோடைக்குள் என்று அவர் சொன்னது காதிலேயே நிற்கிறது. நீ சரி என்று எழுதினால் அடுத்த வாரமே போய்ச் சேர்ந்துவிடுவேன். இசக்கிச்செல்வி கூட வருகிறேன் என்கிறாள். என்னோடு மெஸ்ஸில் நிற்கிறாளே, அவள்தான்.

குழலியைப் பற்றி நீ ஒன்றுமே எழுதவில்லையே. வேலைக்குப் போய் வருகிறாளா? மெலிந்திருக்கிறாளா?

பதிலுக்குப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உன் அக்கா
லோகநாயகி


திருவனந்தபுரம்
1-5-2025
(எழுதியது. தபாலில் சேர்க்கவில்லை.)

அக்கா,

உன் பாலிசி செல்லும். இந்த நாட்டில் எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் செல்லும். நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. விலாசத்தை மாற்றச் சொல்லி யாருக்கும் எழுதவும் இல்லை.

குழலிக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. பையனுக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை, வேலை பெங்களூரில். தங்கமான குடும்பம். குழலிக்கும் பையனைப் பிடித்திருக்கிறது. பையனின் அம்மா பேர் தங்கத்தாய். நீ போகட்டுமா என்று கேட்கிறாயே, அதே கண் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருக்கிறார். முதல் தடவை போனில் பேசும்போதே, "ஒங்க குடும்பத்துல சீக்கு கீக்கு ஏதும் உண்டுமா?" என்று கேட்டார். சும்மா பேச்சுவாக்கில் கேட்டதுதான். நான் சட்டென்று, "ஒண்ணும் கிடையாதுங்க" என்று சொல்லிவிட்டேன். மறு வாரம் உன் கடிதம் வந்தது. இரத்த வழியில் வருகிற வியாதி என்று நீ எழுதியிருந்த வரியை எத்தனை தடவை படித்தேனோ, தெரியாது. அதை அந்த அம்மாவுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரையில் அவர்கள் பெண் பார்க்க வரும்போது நீ கண்ணில் கட்டோடு மாடியில் இருந்தால் நான் என்ன சொல்வது?

பழியைத் தூக்கி உமா மேல் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். அவளோ, "மதினி எப்ப வாராங்க? மாடி ரூமை ஒழிச்சு வைக்கட்டுமா?" என்று நாலு நாளைக்கு ஒரு தடவை கேட்டுக்கொண்டிருக்கிறாள். சீசன் முடிந்துதான் வருவேன் என்று நீயே சொல்லிவிட்டதாக அவளிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

எனக்காக ராபியாவோடு சண்டை போட்டதை எழுதியிருக்கிறாய். வெட்கமாக இருக்கிறது அக்கா. நீ உடனே கிளம்பி வா. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். நாளைக்கு ஆபீஸ் போகிற வழியில் இதைத் தபாலில் போட்டுவிடுவேன்.

குமரன்


திருவனந்தபுரம்
2-5-2025

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அவசரமாக எழுதுகிறேன். பாளையங்கோட்டைக்கு இப்போது போகவேண்டாம். விலாசம் மாற்றுவது பாதியில் நிற்கிறது. இந்த நேரத்தில் அங்கே கார்டைக் காட்டினால் இரண்டும் கெட்டு எல்லாம் நின்றுபோகும். எதுவானாலும் உன் டாக்டரம்மாவிடமே செய்வதுதான் உனக்கும் நல்லது. சொட்டு மருந்தை மட்டும் விட்டுவிடாதே. இன்னும் கொஞ்ச நாள்தான்.

குழலி நன்றாக இருக்கிறாள். உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

உன் தம்பி
குமரன்


குற்றாலம்
6-7-2025

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

சாரல் நன்றாக விழுகிறது. அருவியில் தண்ணீர் கொட்டுகிறது, மெஸ்ஸில் கூட்டம் கொட்டுகிறது. நாங்கள் எல்லோரும் சுகம். உங்கள் மூன்று பேர் சுகத்தையும் கேட்டு இரண்டு கடிதம் எழுத நினைத்தேன், கரண்டியைக் கீழே வைக்க நேரம் கிடைத்தால்தானே?

வலது பக்கம் இப்போது சுத்தமாகச் சரியில்லை. இடது பக்கம் நிற்கிற ஆளைப் பார்க்கிறேன். வலது பக்கம் நிற்கிற ஆள் எங்கிருந்தோ திடீரென்று முளைக்கிறார். போன வாரம் சிவகாசியில் இருந்து ஒரு கூட்டம் வந்தது. அதில் ஒருவருக்கு ரசம் ஊற்றப்போய், இலையை விட்டு அவர் வேட்டியில் ஊற்றிவிட்டேன். "ஆச்சி, இலை இங்கன இருக்கு, நான் அங்கன இருக்கேன்" என்று அவர் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். உள்ளே வந்ததும் இசக்கிச்செல்வி கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். "இது சிரிக்கிற காரியமாக்கா? தம்பிக்கு எழுதிக் கேளுங்க, இல்லைன்னா நான் எழுதுதேன்" என்றாள். நீ எனக்காக எத்தனை இடம் அலைகிறாயோ, அவளுக்கு எங்கே தெரியும்? ஆனால் தம்பி, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்குப் பயமாக இருக்கிறது. விலாசம் மாறிவிட்டதா என்று ஒரு வரி எழுது.

சுரண்டையில் இருந்து மகாதேவ அண்ணாச்சி வந்திருந்தார். ஆனி மாதத் தொடக்கத்தில் உன்னையும் உமாவையும் பாளையங்கோட்டையில் ஒரு வீட்டு வாசலில் பார்த்ததாகச் சொன்னார். "பாளையங்கோட்டை வரைக்கும் வந்தவன் அக்காவைப் பாக்காமப் போவானா? நீங்க வேற யாரையோ பாத்திருக்கிய" என்று சொல்லி அனுப்பினேன். அவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. என் கண்ணைவிட அவர் கண் மோசம்.

குழலிக்கு என் முத்தம்.

உன் அக்கா
லோகநாயகி


திருவனந்தபுரம்
1-9-2025

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

உன் கடிதத்துக்கு இவ்வளவு தாமதமாகப் பதில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். ஆபீஸில் ஆடிட். வீட்டிலும் வெள்ளையடிப்பு, விருந்தாளிகள் என்று கொஞ்சம் வேலை. போன வாரத்தோடு எல்லாம் ஓய்ந்தது. உடம்பைப் பார்த்துக்கொள். பரிமாறுகிற வேலையை இசக்கிச்செல்வியிடம் விட்டுவிடு.

விலாச மாற்றம் அனேகமாக முடிந்த மாதிரிதான். ஐப்பசி பிறந்ததும் கூட்டிப் போகிறேன்.

குழலி உனக்கு ஒரு பட்டுச்சேலை எடுத்திருக்கிறாள். தனியாகப் பார்சலில் வரும். அரக்கு நிறம். நீ கட்டிக்கொள்ள வேண்டும் என்று சொல்லச் சொன்னாள்.

உன் தம்பி
குமரன்


இலஞ்சி
5-10-2025

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

சேலை வந்தது. நல்ல கனமான பட்டு. இவ்வளவு விலையில் எதற்கு என்று தெரியவில்லை, குழலியின் பிரியம் என்று எடுத்து வைத்திருக்கிறேன். எல்லோரும் சுகம்தானே?

எனக்குச் சுகமில்லை. முந்தாநாள் இலஞ்சி விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். வலது பக்கம் வந்த மோட்டார் சைக்கிள் தெரியவில்லை. தோளில் இடித்துக் கீழே தள்ளிவிட்டது. எலும்புக்கு ஒன்றுமில்லை, சிராய்ப்புதான். வீட்டுக்கு வந்து இடது கண்ணைக் கையால் மூடிப் பார்த்தேன். வாசலில் நின்ற இசக்கிச்செல்வியைக் காணவில்லை. வெறும் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. கையை எடுத்தால் நிற்கிறாள், மூடினால் இல்லை. இடது கண்ணிலும் ஓரமெல்லாம் கறுத்துக்கொண்டு வருகிறது.

இனி எனக்குப் பொறுக்க முடியாது. நாளைக்குக் காலையில் இசக்கிச்செல்வியோடு பாளையங்கோட்டைக்குப் போகிறேன். நீ வேண்டாம் என்று சொன்னதை மீறிப் போகிறேன், கோபப்படாதே. விலாசம் மாறுவது நின்றுபோனால் போகட்டும். உன் அலைச்சல் வீணாகிறதே என்றுதான் எனக்கு வருத்தம்.

சாமி கும்பிட்டுக்கொள்.

உன் அக்கா
லோகநாயகி


திருவனந்தபுரம்
9-10-2025

அக்கா,

உன் கடிதம் இன்றைக்குத்தான் கைக்கு வந்தது. இந்நேரம் நீ அங்கே சேர்ந்திருப்பாய். எப்படி இருக்கிறாய் என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

உன் பாலிசி எங்கேயும் செல்லும். மார்ச் மாதத்தில் இருந்தே செல்லும். மாற்றுவதற்கு ஒரு விலாசமும் கிடையாது. குழலிக்கு வரன் வந்தது. பையனின் அம்மா அந்த ஆஸ்பத்திரி நர்ஸ். நம் குடும்பத்தில் கண் வியாதி இருப்பது தெரிந்தால் வேண்டாம் என்று விடுவார்களோ என்று பயந்தேன். அதற்காக உன்னை இங்கே வரவும் விடவில்லை, அங்கே போகவும் விடவில்லை. ஆவணியில் நிச்சயம் முடிந்தது. தை மாதம் கல்யாணம். அந்தச் சேலை நிச்சயத்துக்கு உனக்காகக் குழலி எடுத்தது. அத்தை ஏன் வரவில்லை என்று கேட்டு அழுதாள். சீசன் வேலை, வரமுடியவில்லை என்று அவளிடம் சொன்னேன். மகாதேவ அண்ணாச்சி பார்த்தது என்னைத்தான்.

மே மாதமே எல்லாவற்றையும் எழுதினேன். தபாலில் போடவில்லை. கடிதத்தில் பொய் சொல்வது சுலபமாக இருந்தது அக்கா. போனில் என்றால் என் குரலிலேயே பிடித்திருப்பாய். அதனால்தான் முதல் பொய்க்குப் பிறகு உன் போனை எல்லாம் வேண்டுமென்றே அறுத்துக்கொண்டே இருந்தேன்.

இன்று கடிதத்தைப் படித்ததும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தென்மலை வரைக்கும் வந்தேன். உன் கட்டில் பக்கத்தில் வந்து நின்றால் அந்த அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிடுமே என்று அங்கே ஒரு நினைப்பு வந்தது. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். இவ்வளவுக்குப் பிறகும் திருப்பினேன் பார். நான் அப்படிப்பட்டவன்தான். இதை எழுதி இப்போதே ஸ்பீடு போஸ்டில் சேர்க்கிறேன். வைத்திருந்தால் இதையும் போடாமல் விட்டுவிடுவேன்.

குமரன்


இலஞ்சி
2-11-2025

முத்துகுமரனுக்கு லோகநாயகி எழுதுவது.

நீங்கள் மூன்று பேரும் சுகமாக இருக்க வேண்டும். எழுத்து பெரிதும் கோணலுமாக இருக்கும், பொறுத்துக்கொள்.

வலது கண் போய்விட்டது. நான் போய்ச் சேரும்போது அதில் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இடது கண்ணுக்கு மறுநாளே ஆபரேஷன் செய்தார்கள். இருந்த பார்வை நிற்கும் என்கிறார்கள். அங்கேயே பக்கத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கி, சொன்ன நாட்களில் எல்லாம் காட்டிவிட்டுப் போன வாரம்தான் வந்தேன். கடிதம் அதற்கு முன்பே வந்து கதவிடுக்கில் கிடந்தது. ஆனால் அதைப் பிரிப்பதற்கு முன்பே எனக்கு எல்லாம் தெரியும்.

முதல் நாள் கவுண்டரில் கார்டைக் கொடுத்தேன். "இது பாதியில நிக்குதாம்மா? கேரளாவுக்கு மாத்திக்கிட்டு இருக்கோம்" என்று கேட்டேன். அந்தப் பிள்ளை சிரித்தது. "இத எதுக்குப் பாட்டி மாத்தணும்? எந்த ஸ்டேட்டுலயும் செல்லுமே" என்றது. உனக்குத்தான் தெரியாமல் போயிருக்கும் என்று அப்போதும் நினைத்தேன். நான் உன்னைச் சந்தேகப்படவில்லை, அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுத எனக்கு வரவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். காரணத்தை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா? குழலிக்காக என்றால் நான் மாட்டேன் என்றா சொல்லியிருப்பேன்? மதுரைக்குப் போய் ஒருவருக்கும் தெரியாமல் செய்துகொண்டு வந்திருப்பேன். உன் வாசலுக்கு வந்திருக்க மாட்டேன், நிச்சயத்துக்கும் வந்திருக்க மாட்டேன். கண்ணாவது இருந்திருக்கும். நீ கேட்காமல் எடுத்துக்கொண்டாய். அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஆபரேஷன் முடிந்த அன்று இடது கண்ணில் கட்டு. இரண்டு கண்ணும் இருட்டு. கையைப் பிடித்து அழைத்துப்போய் உட்காரவைத்து, ஒரு அம்மா தன் கையாலேயே இட்லியைப் பிட்டு ஊட்டிவிட்டார். குரல் அவ்வளவு இதமாக இருந்தது. தலைமை நர்ஸ் என்று இசக்கிச்செல்வி சொன்னாள். பயம் தெரியாமல் இருக்கட்டும் என்று எதையெதையோ பேசிக்கொண்டிருந்தார். தை மாதம் மகனுக்குக் கல்யாணம் என்றார். "பொண்ணு திருவனந்தபுரம். பேரு குழல்வாய்மொழி. குத்தாலத்து அம்மன் பேரு வச்சிருக்காங்க பாருங்க, அங்கன போயி" என்று சந்தோஷமாகச் சொன்னார். நம் குழலிதான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அடுத்த நிமிஷமே, "நீங்ககூட முன்னால திருவனந்தபுரத்துலதான் வைத்தியம் பாத்தியளாமே, அங்க ஒங்களுக்கு யாரு இருக்கா?" என்று கேட்டார்.

யாரும் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகு யோசித்தேன். இனிமேல் குழலியின் அத்தை என்று எந்த முகத்தோடு அந்த அம்மாவின் முன்னால் வந்து நிற்பேன்? கல்யாணத்துக்கு நான் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று குழலியிடம் சொல். அதுவாவது பொய்யாக இருக்காது.

குழலிக்குக் கண்ணைச் சோதித்துவிடு. அதையும் தள்ளிப் போடாதே.

லோகநாயகி


பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்ட்
8-11-2025

அக்கா,

நமஸ்காரம் சொல்லி ஆரம்பிக்க வாய் வரவில்லை. இங்கே ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலையில் குழலியையும் உமாவையும் உட்காரவைத்து உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். முடிந்ததும் குழலி கடிதத்தை வாங்கி மடித்து வைத்தாள். பிறகு, "என் கல்யாணத்துக்காகன்னு இனிமே யார்கிட்டயும் சொல்லாதீங்கப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள். உமா என் முகத்தையே பார்க்கவில்லை. நான் கிளம்பி நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தேன்.

தங்கத்தாய் அம்மா சம்பந்தி வந்திருக்கிறார் என்று எழுந்து நின்றார். காபி வாங்கிவரச் சொன்னார். உட்காரக்கூட இல்லை, வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டேன். போன மாதம் இடது கண்ணில் ஆபரேஷன் செய்துகொண்ட இலஞ்சி லோகநாயகி என் கூடப்பிறந்த அக்கா என்றேன். பங்குனியில் நீ எழுதிய கடிதத்தில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணம் வேண்டாம் என்றாலும் எனக்குச் சம்மதம்தான் என்றும் சொன்னேன்.

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பிறகு, "யாருமில்லைன்னுதான் அந்த அக்கா சொன்னாங்க. ஆனா கட்டுப் பிரிச்ச அன்னைக்கு, ஒங்க மருமகள் போட்டோ இருந்தாக் காட்டுங்கன்னாங்க. போனைக் குடுத்தேன். கண்ணுக்குப் பக்கத்துல வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் குடுக்கவேயில்லை. நல்லா இருக்கட்டும், நல்லா இருக்கட்டும்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க" என்றார். நீ எனக்கு அதை எழுதவில்லை அக்கா.

கல்யாணத்தைப் பற்றி அவர் ஒன்றுமே கேட்கவில்லை. அது நின்றுபோகும் என்கிற பேச்சே அவருக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை. குழலிக்கும் எனக்கும் கண்ணைச் சோதிக்க வருகிற சனிக்கிழமை நேரம் சொன்னார். இது எத்தனையோ வீடுகளில் இருப்பதுதான், பார்த்துக்கொண்டால் ஒன்றும் ஆகாது என்றார். அத்தை இல்லாமல் கல்யாணம் நடக்காது, நானே இலஞ்சிக்கு வந்து கூப்பிடுகிறேன் என்றார். அதற்குப் பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பங்குனியிலயே தெரியும்ங்கியளே அண்ணாச்சி. எனக்கு ஒரு போன் போட்டிருந்தா நானே வந்து கூட்டிட்டுப் போயிருப்பேனே. அந்தக் கண்ணு போயிருக்காதே" என்றார்.

நான் தென்காசி பஸ்ஸில் ஏறப்போகிறேன். இதைத் தபாலில் போடவில்லை. உன் வாசலில் நின்று நானே வாசித்துக் காட்டுகிறேன். கதவைத் திறக்க வேண்டாம் என்று தோன்றினால் திறக்காதே. உள்ளே இருந்தபடியே கேள்.

குமரன்